நீ கூட்டி வைத்த வேகம்

மகனே, நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போனைத் திறந்தால் நீதான் சிரித்துக்கொண்டிருக்கிறாய். இதை உனக்கு மட்டும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கலாம். பெற்றவள் அப்படித்தான் செய்யணும் என்று உன் அப்பாவும் சொன்னார். "கல்யாணத்த வெச்சிக்கினு இன்னா வேலை இது? புள்ளைய ஊர் முன்னாடி நிக்க வெச்சி கேக்கணுமா?" என்றார். நான் திருப்பிக் கேட்டேன், என்னை ஊர் முன்னாடி உட்கார வைத்தது யார் என்று. அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். நீ என்னை ஊர் பார்க்கப் போட்டாய், நான் உனக்கு ஊர் படிக்க எழுதுகிறேன். கணக்கு நேர்.

உன்னையும் என்னையும் தெரியாதவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நீ சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாய். வேலை நேரம் போக, அந்தக் காலத்து டாஸ் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தேடிப் பிடித்து, ஆடி, வீடியோ எடுத்துப் போடுகிறாய். இன்றைய கம்ப்யூட்டரில் அவை நேராக ஓடாது. அதனால் எமுலேட்டர் என்று ஒன்றைப் போட்டுக்கொள்கிறாய். புது லேப்டாப்புக்குள் உட்கார்ந்துகொண்டு, நான்தான் பழைய கம்ப்யூட்டர் என்று அந்த விளையாட்டுகளை நம்ப வைக்கிற மென்பொருள் அது. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, "அம்மா, வா, ஒன்னு காட்டறேன்" என்று நீ கூப்பிட்டு, நம் பழைய சுரங்க ஆட்டத்தைத் திரையில் கொண்டுவந்ததும் நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் அந்தக் குட்டி மனிதனைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. அதையும் நீ படம் எடுத்தாய். பிறகு என்னை ஆடச் சொன்னாய். உட்கார்ந்தேன். முதல் அறையிலேயே, மூச்சு விடுவதற்குள், உருண்டு வந்த கல்லில் அவன் செத்தான். மறுபடியும் செத்தான். மறுபடியும். வயசாகிவிட்டது என்று சிரித்து மழுப்பிக்கொண்டு சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதோடு போயிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். சின்னசேலத்தில் உன் நிச்சயதார்த்தம் நடந்தது. சாப்பாடு முடிந்து, பெண் வீட்டார் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, நீ போனை அவர்கள் டிவியோடு இணைத்தாய். என் முகம் அத்தனை பெரிதாக வந்தது. பின்னால் உன் குரல்: "எங்க அம்மா இந்த கேமை முடிச்சவங்கன்னு நான் சின்னப் புள்ளையா இருந்ததுல இருந்து சொல்லிக்கினு இருப்பாங்க. மேட்டர் இன்னான்னா, எங்க வூட்டு கம்ப்யூட்டரே பாதி ஸ்பீடுலதான் ஓடிச்சு. அம்மா ஜெயிச்சதெல்லாம் ஸ்லோ மோஷன்ல. இப்போ ஒரிஜினல் ஸ்பீடுல ஆட வெச்சிப் பாக்கலாமா?" அப்புறம் நான் சாகிறேன், சாகிறேன், செத்துக்கொண்டே இருக்கிறேன், நடுவில் என் வாய் பிளந்திருப்பதை நிறுத்திப் பெரிதாக்கி வேறு காட்டுகிறாய். கூடம் அதிர்ந்தது. பெண்ணின் தாய்மாமன், "சம்மந்தியம்மா, பொம்மை ஒரு பக்கம் போவுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க!" என்று தொடையைத் தட்டினார். உன் அப்பாவும் சிரித்தார். அவரை அன்று ராத்திரியே கேட்டுவிட்டேன், அந்தக் கணக்கு முடிந்தது. பெரியவர்கள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. சிரிப்பு வந்தால் சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஸ்டெல்லா, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண், கை கழுவுகிற இடத்துக்கு என் பின்னாலேயே வந்து, மெதுவாக, "அத்தை, நெஜமாவே முடிச்சீங்களா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முடிச்சேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகனே. ஆயிரம் முறை சொன்ன வார்த்தை அன்றைக்கு வரவில்லை. அதற்குத்தான் எனக்கு உன்மேல் கோபம்.

நீ மறந்திருப்பாய், நினைவுபடுத்துகிறேன். அப்போது நாம் வெள்ளிமலையில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, எனக்கு நர்ஸ் வேலை. கள்ளக்குறிச்சியில் மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அப்பா அந்தப் பழைய பெட்டியை வாங்கி, ஜீப்பில் ஏற்றி, மானிட்டரைத் தலையணையில் வைத்து மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு மலையேறினார். கொண்டை ஊசி வளைவுகளில் என்னை ஒரு தடவை பிடித்துக்கொண்டவர் இல்லை, அதை அப்படிப் பிடித்துக்கொண்டார். அதன் முகப்பில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் வேகமாக ஓடும், எடுத்துவிட்டால் மெதுவாக ஓடும். அப்பா அதை அழுத்தவே விடவில்லை. நம் மலையில் அப்போது கரண்ட் வருவதே பெரிது, வந்தாலும் குண்டு பல்பு மஞ்சள் கயிறு மாதிரி எரியும். "வோல்டேஜே கம்மி. டர்போ போட்டா கரண்ட ஜாஸ்தி இழுக்கும், பெட்டி பொசுங்கிடும்" என்று சொல்லி, என் மருந்துப் பையிலிருந்தே பிளாஸ்திரி எடுத்து அந்தப் பட்டன்மேல் ஒட்டிவிட்டார். சயின்ஸ் வாத்தியார்! அந்தப் பட்டனுக்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை என்று இப்போது நீ விளக்கம் கொடுக்கிறாய். சரி. தப்புதான். அவர் செய்த தப்பு. அதை வைத்து நீ எடுத்த முடிவு இருக்கிறதே, அதுதான் அதைவிடப் பெரிய தப்பு.

மெதுவாக ஓடினால் சுலபம் என்று யார் சொன்னது உனக்கு? கல் மெதுவாக உருண்டால் என் மனிதனும் மெதுவாகத்தானே ஓடுவான்? அவன் எகிறுவதற்கு முன் ஒரு தடவை குனிவான். நம் வீட்டில் அந்தக் குனிவே ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் எடுக்கும். வவ்வால் எங்கே வரும் என்று அதற்கு முன்பே கணக்குப் போட்டுக் குதிக்கணும். பட்டனைத் தட்டிவிட்டுக் காத்திருக்கணும். காத்திருப்பது உன் தலைமுறைக்குத் தெரியுமா? பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தால் பல்லைக் கடிக்கிறாய். இதில் ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்க வழியே கிடையாது. பத்தாவது அறையில் இருக்கும்போது காற்றடித்து எங்கேயோ மரம் கம்பியில் சாயும், திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணையும், அவ்வளவுதான். கரண்ட் வருவது நாளைக்கோ நாளன்னைக்கோ. வந்தால் மறுபடி முதல் அறை. நீயோ எமுலேட்டரில் ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலும் சேமித்து வைத்துக்கொள்கிறாய், விழுந்தால் பின்னால் இழுத்துக்கொள்கிறாய், விழவே விழாதவன் மாதிரி வீடியோவை ஒட்டுகிறாய். அப்படி முடித்தவன் என்னைப் பார்த்து, நீ முடித்தது கணக்கில் வராது என்கிறாய். உன் நாக்கு எப்படித்தான் அதற்கு இணங்கியது?

அந்த ஆட்டம் எனக்கு எதற்கு என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? பகலெல்லாம் ஊர் ஊராக நடப்பேன். ஊசி போடுவேன், கர்ப்பிணிகளைப் பார்ப்பேன், எடை பார்ப்பேன், காடு கழனி என்று போய்விட்டவர்களைத் தேடி அலைவேன். அந்த வேலையில் ஜெயித்தாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் நின்றால் சாமி புண்ணியம், நிற்காவிட்டால் நர்சம்மா சரியில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் அதன் அப்பன் மீசையை முறுக்குவான். நான் புகாராக இதைச் சொல்லவில்லை, அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. ஆனாலும் மனுஷிக்கு ஏதோ ஒன்று முழுதாக முடிந்தது என்று தெரியணும் இல்லையா? சாயந்தரம் வந்து, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, உன்னை மடியில் இருத்திக்கொண்டு அந்தப் பெட்டிமுன் உட்காருவேன். அம்புக்குறி பட்டன்கள் எனக்கு, குதிக்கிற நீளப் பட்டன் உனக்கு. நான் "இப்போ" என்றால் நீ உள்ளங்கையால் ஓங்கி அடிப்பாய். உன்னால் எத்தனை முறை செத்திருக்கிறேன், ஒரு தடவை உன்னைப் பார்த்து ஊர் சிரிக்க விட்டிருக்கிறேனா? நீ தூங்கிப்போன பிறகு இரண்டையும் நானே பார்த்துக்கொள்வேன்.

முடித்த நாளும் நினைவிருக்கிறது. மழை விட்டிருந்தது, கரண்ட் என்ன நினைத்ததோ நின்று கொடுத்தது. கடைசி அறையில் அவனை ஏற்றிக்கொண்டு பலகை மேலே போகப் போக, மடியிலிருந்த உன்னையும் தூக்கிக்கொண்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அந்தக் குட்டி மனிதன் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தான். கறுப்பாகவே இருந்த திரை முழுக்க வெளிச்சமானது. அவன் தலை விளக்கைக் கழற்றிக் கீழே வைத்தான். அப்பாவைக் கூப்பிட்டு உடனே போய் கறி எடுத்து வரச் சொன்னேன். "இன்னா விசேஷம்? யாரு வர்றா?" என்றார். யாரும் வரவில்லை, நான் வந்துவிட்டேன், வெளியே வந்துவிட்டேன் என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். நீயும் அன்று கறி தின்றாய். அதைத்தான் ஸ்லோ மோஷன் என்று சொன்னாய்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து வந்த பிறகு எனக்கு மனசே ஆறவில்லை. மத்தியானங்களில் உன் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒருவேளை நீ சொல்வதுதான் சரியோ, இத்தனை வருஷம் பொய்யை வைத்துக்கொண்டு பெருமை அடித்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயித்தெரிச்சலை விட அது கொடுமை. அப்படிப் பார்க்கும்போதுதான், விளையாட்டு ஓடுகிற சதுரத்துக்கு மேலே, ஓரத்தில், ஒரு எண் இருப்பதைக் கவனித்தேன். தொடக்கத்தில் எப்படி ஆடுவது என்று நீ ஆடிக் காட்டுகிறாயே, அப்போது அங்கே ஒரு எண். நான் உட்கார்ந்ததும் அதே இடத்தில் வேறு எண், அதைவிடப் பல மடங்கு பெரிசு. அப்பாவைக் கூப்பிட்டு, "ஏங்க, மேல இருக்குதே, இந்த நம்பர் இன்னா?" என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீ இங்கே விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அதே எமுலேட்டரைத் திறந்து, எதையெதையோ தட்டிப் பார்த்தார். எண் ஏறினால் அந்த மனிதன் பேய் பிடித்தவன் மாதிரி ஓடினான். எண் இறங்கினால் நடந்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "அது வேகம்" என்றார். எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் நான் சின்னசேலத்தில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கூடம் நிஜமாகவே கோணல்! கோணலாக்கியவன் நான் பெற்ற பிள்ளை! நீ ஆடியது ஒரு வேகம். எனக்கு வைத்தது வேறு வேகம். அந்த விளையாட்டைச் செய்தவனே அதில் உட்கார்ந்தாலும் முதல் கல்லில் செத்திருப்பான். அதை "ஒரிஜினல் ஸ்பீடு" என்று வாய் கூசாமல் சொன்னாய். போன் போட்டுக் கேட்டேன். தப்பாக ஏதோ பட்டன் பட்டுவிட்டது என்று நீ சொல்வாய், நானும் நம்புவேன் என்று நினைத்துத்தான் கேட்டேன். நம்புவதற்குத் தயாராக இருந்தேன். நீ சிரித்தாய். "ஐயோ அம்மா, அதெல்லாம் சும்மா கன்டென்ட்டுக்கு. ஸ்பீடைக் கொஞ்சம் ஏத்தி வெச்சேன். இல்லன்னா நீ நல்லா ஆடிடுவ, அப்புறம் அதுல இன்னா ஃபன் இருக்கு? யாருக்குத் தெரியப் போவுது?" என்றாய். இதை அப்படியே உன் வார்த்தையில் எழுதியிருக்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இல்லன்னா நீ நல்லா ஆடிடுவ. இந்த ஒன்றைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் முடித்தது நிஜம் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும், என் மடியிலிருந்து பார்த்தவன் நீ. தெரிந்தே செய்திருக்கிறாய். பெத்த மனம் பித்து என்று சொல்லிக்கொண்டு நான் இதை விழுங்கிவிட்டுப் போகலாம். எத்தனையோ விழுங்கியவள்தான். வீடியோவை எடுத்துவிடு என்றும் கேட்கப் போவதில்லை, பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், என் வாய் பிளந்ததும் பிளந்ததுதான். எனக்காக நான் கேட்பதாக இருந்தால் அப்பா சொன்ன மாதிரி உறைக்குள் போட்டிருப்பேன்.

ஸ்டெல்லாவுக்காகக் கேட்கிறேன். அந்தப் பெண் நம் வீட்டுக்கு வரப் போகிறாள். என் குழம்பின் ருசிக்கும் உன் கோபத்துக்கும் அப்பாவின் பேப்பருக்கும் பழகி, புது இடத்தில் தட்டுத் தடுமாறித்தான் நடப்பாள். எல்லோரும் அப்படித்தான் நடந்தோம். அப்போது அவளுக்குத் தெரியாமல் நீ வேகத்தைக் கூட்டி வைப்பாயா? நாலு பேர் சிரிக்கணும் என்பதற்காக அவள் விழுகிற மாதிரி ஏதாவது செய்துவிட்டு, பாருங்கள், இவளுக்கு இவ்வளவுதான் தெரியும் என்பாயா? அவளும் என்னை மாதிரி, நமக்குத்தான் சாமர்த்தியம் இல்லை போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவாளா? விழுந்தால் விழுந்ததில் வெட்கம் இல்லை. நேற்றுகூட நான் அந்த லேப்டாப்பில் சரியான வேகத்தை வைத்து ஆடினேன். ஏழாவது அறையில் வவ்வால் அடித்து விழுந்தேன். நன்றாக விழுந்தேன், நியாயமாக விழுந்தேன், எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். யாரோ மறைந்திருந்து தள்ளிவிட, அது தெரியாமல் விழுவதுதான் ஒரு ஆளை உள்ளுக்குள் தின்றுவிடும். அதை அவளுக்குச் செய்ய உன்னை விட மாட்டேன்.

கேட்டுக்கொள். போன ஞாயிறு நம் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். உன் பெயர், என் பெயர், அப்பா பெயர், அவள் பெயர் எல்லாம் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டார். வழக்கம்போல யாரும் அசையவில்லை, பின்னால் ஒரு குழந்தை மட்டும் அழுதது. இதற்கெல்லாம் எழுந்து நின்றவர்களை நம் கோவிலில் நான் பார்த்ததில்லை. வருகிற ஞாயிறு இரண்டாவது ஓலை, அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. அதற்குள் நீ சின்னசேலத்துக்குப் போய், அதே கூடத்தில், அந்தத் தாய்மாமன் இருக்கும்போதே, ஸ்டெல்லாவிடம் நடந்ததை உன் வாயால் சொல்லிவிடு. விளையாட்டுக்குச் செய்தேன் என்று இழுக்காதே. வேகத்தைக் கூட்டி வைத்தேன், அம்மா முடித்தது நிஜம் என்று சொல். கேட்டுவிட்டு அவள் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்றால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை, உங்களுக்கு முன்னால் நின்று நானே முதலில் ஆசீர்வாதம் செய்வேன். நீ சொல்லாமல் இருந்தால், மூன்றாவது ஓலை வாசித்துவிட்டுச் சாமியார் தடை உண்டா என்று கேட்கும்போது, மணமகனின் தாய் எழுந்து நிற்பாள்.